மிதித்தால் தயங்கும் பழைய கார்: மலைச் சாலையில் காரணம் தேடுவது எப்படி

கல்லாறு தாண்டிக் குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் கார் கிட்டத்தட்ட நடை வேகத்துக்கு இறங்கி, இரண்டாம் கியரிலோ முதல் கியரிலோ மறுபடி எழும்ப வேண்டும். அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு நொடி அடைத்து நின்று, பிறகு திடுமென்று பாய்ந்தால் அதுதான் நாம் பேசப்போகும் தயக்கம். சமவெளியில் இது எரிச்சல் மட்டுமே. மலையில் பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது வண்டி பின்வாங்கினால் ஆபத்து. ஆகவே ‘கொஞ்சம் முக்குது, பரவாயில்லை’ என்று தள்ளிப்போடாமல் காரணத்தைக் கண்டுபிடிப்பது நல்லது.

முதலில், பழுதல்லாத ஒன்றைப் பழுதென்று எண்ணிச் செலவு செய்யாதிருக்க வேண்டும். மலையடியில் உள்ள மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 97 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது சுமார் 77. ஒவ்வொரு முறை உள்ளிழுக்கும்போதும் சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அதனால் டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். சமவெளியில் சுமார் 37 குதிரைத்திறன் தரும் பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் உறுப்பு) வகை மாருதி 800, ஊட்டியில் 30-ஐ ஒட்டியே நிற்கும். இழுவை எல்லா நேரமும் சீராகக் குறைந்திருந்தால் அது மலையின் இயல்பு. கீழ் கியருக்கு மாறி ஓட்டினால் போதும். மிதித்த கணத்தில் வெட்டுவது, அடைப்பது, குலுங்குவது, கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடிப்பது, இவைதான் பழுது. எஞ்சின் சத்தம் விர்ரென்று ஏறியும் வண்டி மட்டும் நகரவில்லை என்றால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், கிளட்ச் வழுக்குகிறது.

மிதிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. எஞ்சின் ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் மெல்ல ஓடும் நிலையில்) இருக்கும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மடல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டுக்குள் பலமான வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். மடல் திடீரெனத் திறந்ததும் காற்று பாய்ந்து வந்துவிடுகிறது. காற்று இலேசானது, உடனே வேகமெடுக்கும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். மேலும், வெற்றிடம் குறைந்ததால் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் மேனிஃபோல்டுச் சுவரில் துளியாக ஒட்டிக்கொள்ளும். ஆக, எஞ்சினுக்கு அதிகம் எரிபொருள் தேவைப்படும் அதே கணத்தில் சிலிண்டருக்குக் குறைவாகவே போய்ச் சேருகிறது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. மிதித்தவுடன் ஒரு பீச்சு பெட்ரோலை நேரடியாகத் தொண்டைக்குள் அடிக்கும். எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீச்சும்) வண்டியில் இதே வேலையை, திராட்டில் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் செய்கிறது.

ஸ்பார்க்குக்கும் அந்த நொடியே கடினமானது. சிலிண்டர் நிறைய நிறைய உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஐட்லிங்கில் அழகாக ஓடும் வண்டி மிதித்தவுடன் மிஸ் ஆவது இதனால்தான். ‘ஸ்டார்ட் ஆகுது, நின்னா நல்லா ஓடுது, அதனால் பிளக் நல்லாத்தான் இருக்கு’ என்ற வாதம் செல்லாது.

எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதற்கு முன் எப்போது தயங்குகிறது என்பதைப் பாருங்கள். பழுது எங்கே என்பதை அந்த நேரமே பாதி சொல்லிவிடும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வது, அவசரமாக வாங்கும் எந்தப் பாகத்தையும்விட அதிகப் பயன் தரும்.

மிதித்த முதல் நொடியில் மட்டும் அடைத்து, அடுத்த நொடி சரியாகிவிட்டால் ஆக்ஸிலரேட்டர் பம்ப், வேக்குவம் அட்வான்ஸ் (வெற்றிடத்தைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளும் உறுப்பு), காற்றுக் கசிவு ஆகிய மூன்றில் ஒன்று. மிதித்துப் பிடித்தபடி நீண்ட ஏற்றத்தில் போகும்போது, அரை நிமிடம் கழித்து மெல்ல மெல்லச் சோர்ந்து போனால் பெட்ரோல் வரத்துக் குறைவு: ஃபில்டர், பம்ப், மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவாக வரும் நுண்துளை). மழையிலும் மூடுபனியிலும் மட்டும் என்றால் முதலில் பிளக் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் உறுப்பு) கேப்பையும் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் தொடங்கினால் ஸ்பார்க் மின்சாரம் தரும் காயில், கண்டென்சர், அல்லது பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு. மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடி, ஊட்டியில் கறுப்புப் புகையோடு திணறினால் கலவையில் பெட்ரோல் அதிகம். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் தயங்கினால், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் முதல் ஐந்து நிமிடத்துக்கு அதை மன்னிக்கலாம். மேனிஃபோல்டு சூடாகும் வரை பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதற்கு மேலும் நீடித்தால் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் மடல்) முழுதாக மூடுகிறதா, ஏர் கிளீனர் வாயில் குளிர்-கோடை மடல் உள்ள வண்டியானால் அது குளிர்காலப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்த காற்றில் கார்புரேட்டர் தொண்டையிலேயே பனி பிடிப்பதும் உண்டு. சூடான காற்றை எடுக்கும்படி மடலைத் திருப்பினால் அது நிற்கும்.

கையால் இழுக்கும் சோக் உள்ள வண்டிக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது, கூட்டமில்லாத ஏற்றத்தில் தயக்கம் வரும் நேரம் சோக்கைக் கால்வாசி இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். தயக்கம் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். எந்த மாற்றமும் இல்லை என்றால் பெட்ரோலை விட்டுவிட்டு ஸ்பார்க் பக்கம் போங்கள். காசு செலவில்லாமல் தேடலைப் பாதியாக்கும் சோதனை இது; பலர் இதைச் செய்யாமலே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள்.

மலிவானதிலிருந்து தொடங்குங்கள்

ஏர் ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். மலையில் காற்றே குறைவு. அதிலும் அடைத்த ஃபில்டர் கலவையை மேலும் கெட்டியாக்கும், அதாவது பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும்.

பிளக்கைக் கழற்றும்போது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது காற்றுக் கசிவு. எண்ணெய் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு சீல். ஒரே ஒரு பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால் பழுது அந்த சிலிண்டருக்குள், அல்லது அதன் வயரில். கார்புரேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றத்தில் இழுத்த உடனே நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை நிறம் தெரியும். ஆனால் இறக்கத்தில் ஓடும்போது எஞ்சினை அணைக்கவே கூடாது. பிரேக் பூஸ்டர் உதவி போய்விடும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சமதளமான இடத்தில் ஒதுங்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

பழைய பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கைத் தூண்டும் தொடுமுனை) வண்டிகளில் பிளக் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விலை குறைவு, கண் அளவு வேண்டாம். பாயிண்டின் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

நீலகிரியில் அதிகம் பேரை ஏமாற்றுவது ஈரம். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில், மற்ற நாட்களில் மூடுபனி. வயரின் ரப்பர் உறையில் விழுந்த மயிரிழை வெடிப்புக்குள் ஈரம் நுழைந்தால், பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். பழுது வெயிலில் காணாமல் போகும். அதை வரவழைத்துத்தான் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு, வண்டியை நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு ஐட்லிங்கில் விட்டு, பானெட்டைத் திறந்து, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் வயர்கள் மீதும் கேப் மீதும் மெல்லிய தூறலாகத் தண்ணீர் அடியுங்கள். நீல நூல் போல ஒளி ஓடினாலோ, ‘டிக் டிக்’ என்று கேட்டு எஞ்சின் தடுமாறினாலோ அந்த இடம்தான். பல ஆயிரம் வோல்ட் ஓடும் வயர் அது. கையால் தொடாதீர்கள், துண்டு, சால்வை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

கேப்பைக் கழற்றி உட்புறம் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சில் கோடு போலக் கறுப்பு இழை தெரிந்தால் அது மின்சாரம் எரித்துப் போட்ட பாதை. சுரண்டினால் போகாது, கேப்பையும் அதன் உள்ளே சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வயரை மல்டிமீட்டரில் அளந்தால், மீட்டர் நீளத்துக்கு 20 கிலோ ஓமை வெகுவாகத் தாண்டுவதும், வளைக்கும்போது எண் தாவுவதும் மாற்றும் அறிகுறி. புது வயர் போடும்போது பிளக் தொப்பிக்குள் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் ஈரம் ஏறாது.

வேக்குவம் அட்வான்ஸை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் தட்டு வடிவில் உள்ள அந்த உறுப்புக்குக் கார்புரேட்டரிலிருந்து மெல்லிய ஹோஸ் வரும். ஹோஸைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. அப்படிக் கிழிந்தால் ஸ்பார்க் டைமிங்கும் முன்னேறாது, அதே வழியாகக் காற்றும் கசியும்.

கார்புரேட்டருக்கு வரும்போது

ஆக்ஸிலரேட்டர் பம்பைச் சோதிக்கக் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஏர் கிளீனரை எடுத்துவிட்டுத் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி திராட்டில் லிவரைக் கையால் இழுங்கள். இழுத்த அதே கணத்தில் பெட்ரோல் கம்பி போல நேராகப் பீச்ச வேண்டும். தாமதித்து வந்தாலும், துளியாக ஒழுகினாலும், வராமலே இருந்தாலும் முதல் நொடித் தயக்கத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பீடி, சிகரெட், தீக்குச்சி பக்கத்தில் கூடாது. முகத்தைத் தொண்டைக்கு நேராக வைக்கக் கூடாது.

பீச்சாததற்குப் பெரும்பாலும் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது விறைத்திருக்கும். அடுத்தது, பீச்சும் சின்ன நாசியில் அடைப்பு, அல்லது அதன் கீழே உள்ள குண்டு வால்வு ஒட்டிக்கொண்டிருப்பது. ரிப்பேர் கிட்டில் டயாஃப்ரம், கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் வரும். ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. ஜெட்டின் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர்க் கணக்கில் துளைக்கப்பட்டது, பித்தளை மென்மையானது, ஒருமுறை குத்தினாலே அளவு கெட்டுவிடும். எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஆக்ஸிலரேட்டர் பம்பே கிடையாது. மேலே உள்ள டேம்பரில் மெல்லிய எண்ணெய் இருக்கும். அது வற்றியிருந்தால் தயக்கம் வரும், எண்ணெய் ஊற்றினால் போய்விடும். எண்ணெயின் தடிமன் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

காற்றுக் கசிவுக்குக் கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு போல்ட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். ஐட்லிங்கில் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்குக் குறடால் மெல்ல நசுக்கும்போது எஞ்சின் ஓட்டம் மாறினால் கசிவு அந்த வழியில். கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடும் பழக்கம் உண்டு. சூடான சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருப்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். தண்ணீர்த் தூறலும் அதே வேலையைச் செய்யும்.

ஃப்ளோட் மட்டத்தை (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரத்தை) மலை தனியாகச் சோதிக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் கிண்ணம் சாய்கிறது, கொண்டை ஊசியில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. மட்டம் குறைவாக இருந்தால் மெயின் ஜெட் ஒரு கணம் வெளியே தெரிந்து பட்டினி கிடக்கும். அதிகமாக இருந்தால் வழிந்து மூழ்கடிக்கும். இடது வளைவில் நன்றாக ஏறி, வலது வளைவில் மட்டும் அடைக்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி உயரமும் எத்தனாலும். கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று மெலிந்தாலும் பெட்ரோலை அந்த விகிதத்தில் குறைக்காது. மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கலவை ஊட்டியில் ஏறத்தாழ 10 சதவீதம் கெட்டியாகிவிடும். இதற்காக மலையில் குடியிருக்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓரிரு படி குறைப்பது பழைய வழக்கம்; எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும், 110 இருந்த இடத்தில் 105 போட்டால் துளையின் பரப்பு சுமார் 9 சதவீதம் குறையும், கணக்கு சரிதான். ஆனால் அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கான கணக்கு. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று கேட்கும், 20 சதவீத எத்தனால் கலந்தது சுமார் 13.5 கிலோதான் கேட்கும். அதாவது இன்றைய பம்புகளில் வரும் எரிபொருளே கலவையை ஏறக்குறைய 8 சதவீதம் மெலிதாக்கிவிடுகிறது. உயரம் கெட்டியாக்குகிறது, எத்தனால் மெலிதாக்குகிறது, ஊட்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகின்றன. பழைய பழக்கத்தில் ஜெட்டைக் குறைத்தால் தயக்கம் கூடும். அதே வண்டி கோயம்புத்தூருக்கு இறங்கினால் கலவை மிக மெலிந்து வால்வு வேகும் அளவுக்குச் சூடேறும். ஆகவே பிளக் கரியாக இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஜெட் எண்ணை மாற்றாதீர்கள். சுற்றுலா வந்து மூன்று நாளில் இறங்குகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

எத்தனால் பழைய ரப்பரையும் சோதிக்கும். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், ஓ-ரிங் ஊதிப்போகும் அல்லது விறைக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியின் டேங்க்கில் நீர் பிரிந்து அடியில் தங்கி, முதல் ஏற்றத்திலேயே பம்புக்கு வரும். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள், அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் டேங்க்கைக் காலிசெய்ய வேண்டும்.

பெட்ரோல் ஃபில்டர் பத்து நிமிட வேலை. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகள் ஏப்ரல், மே வெயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரிசையில் ஊர்ந்து ஏறும்போது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். உயரம் கூடக்கூடக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் என்பதால் மலையில் இது சீக்கிரம் வரும். வழியில் உள்ள பர்லியாறில் ஒதுங்கி, பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் நிறுத்திய பின் சரியாகிவிட்டால் காரணம் அதுவே. குழாய் சைலன்சரை ஒட்டி ஓடாதபடி நகர்த்திக் கட்டுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால்

பிளக், வயர், ஃபில்டர், கசிவு எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாக திராட்டில் சென்சார். மல்டிமீட்டரைச் சிக்னல் வயரில் வைத்து, சாவியை மட்டும் போட்டு, பெடலை மிக மெதுவாக மிதியுங்கள். அரை வோல்ட் அளவில் தொடங்கி நான்கரை வோல்ட் அளவுக்கு வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் எங்காவது எண் விழுந்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது, கம்ப்யூட்டர் அந்த இடத்தில் குழம்புகிறது. ஸ்கேனர் பேசும் வண்டியானால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் எண்ணைக் கிலோபாஸ்கலில் பாருங்கள். ஊட்டியில் 77-ஐ ஒட்டி வர வேண்டும். 97, 100 என்று காட்டினால் சென்சார் தன்னைச் சமவெளியில் இருப்பதாக எண்ணிக்கொண்டு பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது.

இதே உயரக் கணக்கு மற்ற மீட்டர்களுக்கும் உண்டு. நல்ல எஞ்சின் சமவெளியில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல (பாதரச அளவில்) வெற்றிடம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும் என்பதால் ஊட்டியில் 10 முதல் 14 இயல்பே. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும்) அப்படியே குறைந்து தெரியும். சமவெளிப் புத்தக எண்ணோடு ஒப்பிட்டு ‘எஞ்சின் போச்சு, ஓவர்ஹால்’ என்று முடிவு செய்யாதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் வால்வு, ரிங் பற்றிய பேச்சு.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதன் பிறகு அதே ஏற்றம், அதே கியர், அதே சுமை. இரண்டு பாகங்களைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. பழுது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடம் விடுவதானால் ‘பிக்கப் இல்லை’ என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பத்து காரணங்கள் உண்டு. “அண்ணே, வண்டி சூடான பிறகு, ரெண்டாம் கியர்ல மிதிச்ச உடனே ஒரு நொடி அடைக்குது. சோக்கைக் கால்வாசி இழுத்தா சரியாகுது. மழைக்கும் வெயிலுக்கும் வித்தியாசமில்லை, பிளக் வெள்ளையா இருக்கு” என்று சொன்னால், அவர் ஸ்பார்க் பக்கமே போகாமல் நேராக ஆக்ஸிலரேட்டர் பம்பையும் அடி கேஸ்கெட்டையும் பார்ப்பார்.